ஒரு டப்பா தண்ணீரில் ஒளியை வளைத்து அளப்பது எப்படி

எதிரொளிப்பு, உட்கவர்தல், ஒளிவிலகல் என்று பள்ளியில் தனித்தனியாகப் படித்ததால் இவை மூன்றும் வெவ்வேறு இடங்களில் நடக்கிற சங்கதிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒரு பொருளின் மேல் ஒளி விழும்போது கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் உள்ளே போய் வளையும், போகிற வழியில் கொஞ்சம் உறிஞ்சப்படும். இதைக் கண்ணால் பார்க்கவும் ஸ்கேலால் அளக்கவும் வீட்டிலேயே முடியும்.

தேவையானவை: நேரான சுவர்கள் உள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பா, சிவப்பு லேசர் பாயிண்டர், வெள்ளைத்தாள், காம்பஸ், ஸ்கேல், தண்ணீர், இரண்டு மூன்று சொட்டுப் பால். லேசரை யார் கண்ணிலும் படாத மாதிரி சுவரைப் பார்த்து வையுங்கள், குழந்தைகள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள்.

தாளின் மேல் டப்பாவை வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி, பாலைக் கலக்குங்கள். பால் எதற்கு என்றால், அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கதிரின் பாதை பக்கவாட்டிலிருந்து தெரியும், ஆனால் அதிகமாகிவிட்டால் எல்லாமே மங்கிவிடும். இப்போது அறையை இருட்டாக்கி, லேசரை ஒரு புத்தகத்தின் மேல் படுக்கவைத்து டப்பாவின் சுவரில் சுமார் 45 டிகிரி சாய்வாக அடியுங்கள். கதிர் உள்ளே நுழைந்ததும் திசை மாறுவது அப்படியே தெரியும். அதே இடத்தில் சுவரில் பட்டு மங்கலாகத் திரும்பி வரும் இன்னொரு கதிரையும் கவனியுங்கள், அதுதான் எதிரொளிப்பு. லேசரைச் சுவரை உரசுகிற மாதிரி நன்றாகச் சாய்த்தால் திரும்பும் ஒளி கூடிவிடும். நேராக அடித்தாலோ, கண்ணாடிப் பரப்பாக இருந்தால் ஏறக்குறைய 4 சதவீதம்தான் திரும்பும்.

சரி, அளவுக்கு வருவோம். மீண்டும் 45 டிகிரிக்கு வந்து, கதிர் வரும் வழியில் ஒரு புள்ளி, டப்பாவில் நுழையும் இடம், வெளியேறும் இடம் என மூன்றையும் நேர் மேலிருந்து பார்த்துத் தாளில் குறியுங்கள். டப்பாவை எடுத்துவிட்டுப் புள்ளிகளைக் கோடுகளால் இணையுங்கள். நுழைந்த புள்ளியில் சுவருக்குச் செங்குத்துக்கோடு வரைந்து, அதே புள்ளியை மையமாக வைத்து 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். காற்றில் வந்த கதிர் வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து செங்குத்துக்கோட்டுக்கு எவ்வளவு தூரம்? சுமார் 7.1 செ.மீ. தண்ணீருக்குள் போன கதிருக்கு (கோடு எட்டாவிட்டால் நீட்டிக்கொள்ளுங்கள்) சுமார் 5.3 செ.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட 1.33 வரும். சைன் அட்டவணையே தேவையில்லை. இதுதான் தண்ணீரின் ஒளிவிலகல் எண், அதாவது காற்றில் ஒளியின் வேகம் தண்ணீரில் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் எண். காற்றில் நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி தண்ணீரில் சுமார் 2.25 லட்சத்துக்குக் குறைகிறது என்பதை ஒரு ஸ்கேலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள், எனக்கு இயற்பியலில் இதைவிடப் பிடித்த விஷயம் கிடையாது.

உட்கவர்தலுக்கு லேசர் முன்னால் கலர் கண்ணாடித்தாளை வையுங்கள். சிவப்புத் தாளில் கதிர் அநேகமாக முழுசாகக் கடந்துவிடும், பச்சைத் தாளில் வெகுவாக மங்கும். அந்த ஒளி காணாமல் போகவில்லை, வெப்பமாகிவிட்டது.

அப்புறம் லேசரை டப்பாவின் பக்கச் சுவர் வழியாக லேசாக மேல்நோக்கி அடித்துப் பாருங்கள். தண்ணீரின் மேல்பரப்பை உள்ளிருந்து தொடும் கதிர் வெளியே வராமல் முழுக்கக் கீழே திரும்பும். செங்குத்திலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தண்ணீரிலிருந்து ஒளி காற்றுக்குத் தப்ப முடியாது. இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர், இணையத்தைச் சுமக்கும் ஒளியிழைகள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன.

1.33 வராமல் 1.2, 1.5 என்று வந்தால் பெரும்பாலும் செங்குத்துக்கோடு சாய்ந்திருக்கும், அல்லது புள்ளியைச் சாய்வாகப் பார்த்துக் குறித்திருப்பீர்கள். கைக்கு வந்ததும் தண்ணீரில் சம எடை சர்க்கரையைக் கரைத்து மறுபடி அளந்து பாருங்கள், 1.42 பக்கம் வர வேண்டும். கரும்புச் சாற்றிலும் பழச்சாற்றிலும் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பார்ப்பதும் இதே எண்ணைத்தான்.