மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் படிக்கும் முறை

ஒரே பெயர் கொண்ட பலரின் கட்டுரைகள் கலந்துவிடக்கூடும் என்பதால், முதலில் ஆய்வாளரின் ஆர்கிட் எண்ணைக் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) கொண்டு அவருடைய வெளியீட்டுப் பட்டியலைப் பப்மெட் என்ற மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியர் வரிசையைக் கவனியுங்கள். இத்துறையில் சோதனைகளைப் பெரும்பாலும் செய்தவர் முதலிலும், ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியிலும் இடம்பெறுவது வழக்கமாதலால், நடுவில் மட்டுமே பெயர் வரும் நீண்ட பட்டியலைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீடு என்ற அளவுகோலில் ஒருவரின் எண் 20 என்றால், தலா 20 மேற்கோள்களாவது (பிற கட்டுரைகளில் குறிப்பிடப்படுவது) பெற்ற 20 கட்டுரைகள் உள்ளன என்று பொருள். அது காலப்போக்கில் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே இளையவரையும் மூத்தவரையும் அதைக்கொண்டு ஒப்பிடுவது நியாயமன்று. ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலர், ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்படும் கட்டுரைகள்) சேர்த்து எண்ணுவதால், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைவிடப் பொதுவாக உயர்ந்த எண்ணையே தரும்.

மேற்கோள் மிகுதி எப்போதும் பெரிய கண்டுபிடிப்பின் அடையாளமன்று. புரதத்தை அளவிடுவதற்கு ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் வெளியிட்ட கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றதற்குக் காரணம், எண்ணற்ற ஆய்வகங்கள் அந்தச் செய்முறையை அன்றாடம் பயன்படுத்தியதே (அந்தப் பயன்பாடும் ஒரு சாதனைதான்). எனவே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட சில கட்டுரைகளையேனும் திறந்து, பிறர் அவற்றை ஏற்றுக் குறிப்பிட்டார்களா, மறுத்துக் குறிப்பிட்டார்களா, தன்மேற்கோள் (ஆய்வாளர் தம் கட்டுரைகளைத் தாமே குறிப்பிடுவது) எவ்வளவு, ஏதேனும் திரும்பப் பெறப்பட்டதா என்பதைப் பாருங்கள்.