கதைத் தொகுப்புக்கு ஏஜென்ட்: கடிதத்தை மாற்றியதும் பதில் வந்தது

தமிழ்ப் பதிப்பகத்துக்கு என்றால் பிரதியை நேரடியாகவே அனுப்பலாம். பெங்களூரில் இருந்துகொண்டு ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இடம் தேடியபோதுதான், எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் இலக்கிய ஏஜென்ட் தேவைப்பட்டார். முதலில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. 12 கதைகளையும் மொத்தமாக இணைத்து, 'பலதரப்பட்ட கதைகள்' என்று எழுதியிருந்தேன். தப்பு அங்கேதான். நாவலைவிடத் தொகுப்பை விற்பது கடினம். கதைகளைக் கோக்கும் சரடு முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்.

"அல்சூரில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், 12 கதைகள், 52,000 சொற்கள்" என்று மாற்றினேன். அடுத்த வரியில், இதழ்களில் வந்த கதைகளும் ஆண்டும். கடிதம் 300 சொல்லுக்குள். மாதிரிக்கு வலுவான 2 கதைகள் மட்டும், இரட்டை வரி இடைவெளியில். பதில் வரத் தொடங்கியது.

நாவல் கையில் இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பார்கள். இருந்தால் ஒரு வரி சேருங்கள். மொழிபெயர்ப்பாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் அனுப்பவே கூடாது, அந்த ஆங்கில வடிவத்தில் அவருக்கும் பதிப்புரிமை உண்டு. ஏஜென்டின் கமிஷன் வழக்கமாக 15%, வெளிநாட்டு உரிமைக்கு 20%. அதுவும் புத்தகம் விற்ற பிறகுதான். படித்துப் பார்க்கவே பணம் கேட்பவரிடம் பிரதியைக் கொடுக்காதீர்கள்.