தலையிடும் ஆவியை வைத்து ஒரு கோஸி மர்மக் கதை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வேண்டாத இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கும் ஓர் ஆவி, அதன் நடுவே மெல்ல அரும்பும் காதல், இவற்றோடு ஒரு கொலைப் புதிர் எனக் கதை எழுத விரும்புவோருக்கு, என் கதையை நான் கட்டிய வரிசையிலேயே படிகளைத் தருகிறேன். துப்பறிபவர் காவலராக இல்லாமல் சாதாரண மனிதராக இருப்பார், கொலை கண்மறைவில் நிகழும், ரத்த வருணனை இராது என்பவையே கோஸி (cozy) எனப்படும் இதமான மர்மக் கதை வகையின் பொது வழக்கங்கள்.

படி 1: ஆவி இல்லாமல் புதிரைக் கட்டுங்கள்

கொலையாளி யார், காரணம் என்ன, எந்தத் தடயம் அவரைக் காட்டிக்கொடுக்கிறது என்பவற்றை முதலில் எழுதி முடியுங்கள். 1928-இல் அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் வெளியிட்ட துப்பறியும் கதைக்கான இருபது விதிகள் ஆவியோடு பேசித் துப்பறிவதையும் விலக்கின, காதலையும் விலக்கின. அடுத்த ஆண்டு ஆங்கிலேயத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்துக் கட்டளைகளில் இரண்டாவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்கு இடமே இல்லை என்றது. நாம் இந்தத் தடைகளை மீறத்தான் போகிறோம். ஆனால் துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்ற நியாயத்தை மட்டும் கைவிடக்கூடாது.

படி 2: ஆவிக்கு எவ்வளவு தெரியும்?

நான் நெடுநாள் நகராமல் நின்ற இடம் இதுதான். கொலை நடந்த கட்டடத்திலேயே உலவும் ஆவி கொலையாளியின் பெயரைச் சொல்லிவிட்டால், இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும். அதற்காக ஆவிக்கு நினைவு தவறிவிட்டது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. எழுத்தாளருக்குத் தேவைப்படும் நேரத்தில் திரும்பும் நினைவை வாசகர் நம்பமாட்டார். ஆவி உண்மையைப் பார்த்திருக்கட்டும், ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கட்டும் என்பதே என் வழி.

ஒரு பழைய நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முன்பு நூலகராக இருந்த அம்மையார் ஆவியாக உலவுகிறார். கொலை நடந்த இரவில், தமக்குப் பிடிக்காத ஒரு வாசகரின் பழுப்பு மழைக்கோட்டு அலமாரிகளுக்கிடையே போவதைப் பார்த்து, அவர்தான் கொலையாளி என்று அடித்துச் சொல்கிறார். "கை மடிப்பைக்கூடச் சீராக மடிக்கத் தெரியாத மனிதர்" என்று போகிற போக்கில் திட்டவும் செய்கிறார். கோட்டின் சொந்தக்காரர் உயரமானவர். தம் கோட்டின் கையை மடிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. வாசலருகே தொங்கிய கோட்டை அணிந்து சென்றவர் வேறொரு குள்ளமான ஆள். தடயம் வாசகரின் கண்முன்னே வசவாகக் கிடந்தாலும், அதை எடைபோட்டு, கோட்டின் கையில் மடிப்பின் தடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது துப்பறியும் நாயகியின் வேலை. ஆவியின் சாட்சியம் காவல் நிலையத்தில் செல்லாது என்பதால், அது சொல்லும் ஒவ்வொன்றுக்கும் கையில் பிடித்துக் காட்டத்தக்க ஒரு பொருள் கதையில் இருந்தாக வேண்டும்.

படி 3: மூன்று பத்திக் குறிப்பேடு

ஆவிக்குத் தெரிந்தது, நாயகிக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது எனப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பிரித்து மூன்று பத்திகள் போட்டு, காட்சிவாரியாக நிரப்புங்கள். கணினியில் இதற்கென மென்பொருள்கள் இருந்தாலும், கட்டம் போட்ட பெரிய நோட்டும் பென்சிலுமே எனக்கு உகந்தவை, ஏனெனில் அடித்து எழுதியது அடுத்த முறை புரட்டும்போதும் கண்ணில் படும்.

படி 4: காதல்

ஆவியின் குரல் நாயகிக்கு மட்டும் கேட்கிறது. காவல் ஆய்வாளர் அவளை விசாரித்துக்கொண்டிருக்கும்போது அம்மையார் குறுக்கே பேச, "கொஞ்சம் பேசாமல் இருங்கள்!" என்கிறாள் நாயகி. மரியாதைப் பன்மையில் விளிக்கத்தக்க மூத்தவராக ஆவியை அமைத்தால், அந்த அதட்டல் தமக்கே என்று ஆய்வாளர் எண்ணுவது இயல்பாக வந்துவிடும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் தானாகப் பேசும்வரை பொறுமையாகக் காத்திருப்பாரானால், பக்கம் பக்கமான வருணனையைவிட அது அவர் மனத்தை நன்றாகக் காட்டும். ஆவியின் தலையீட்டுக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும்: இருவரும் சந்திக்கட்டுமே என்று அது ஒளித்துவைக்கும் சாவியால் விசாரணை ஒரு நாள் தள்ளிப்போகட்டும்.

படி 5: கொலையாளியை வெளிப்படுத்தும் காட்சி

முடிச்சை நாயகியே அவிழ்க்க வேண்டும். ஆவி கதவைச் சாத்தலாம், விளக்கை அணைக்கலாம், விடையைச் சொல்லக்கூடாது.

பிற்சேர்க்கை: கொலையுண்டவரே ஆவியாக வந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அப்போது நஞ்சே கைகொடுக்கும். நஞ்சு உட்கொண்ட நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் இடைவெளி இருக்குமாறு அமைத்தால், அன்று பலர் கையால் பலவற்றை வாங்கி உண்ட அந்த மனிதருக்குத் தம்மைக் கொன்றது யார் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அன்று தாம் யார் யாரைச் சந்தித்தார் என்பது அவருக்கு நினைவிருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து, தமக்குப் பிரியமான ஒருவரின் பெயரை மட்டும் அவர் மறைத்துவிடட்டும்.