டியூபா மவுத்பீஸ்: பிளாஸ்டிக்கா, மெட்டலா?

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பேண்டு செட்டில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழலோ, அதையே தோளில் மாட்டிக்கொள்ளும் வகையான சூசாபோனோ ஊதத் தொடங்கும் பசங்க பலரும் கேட்பது, "பிளாஸ்டிக் மவுத்பீஸ் வாங்கலாமா, சத்தம் கெட்டுப்போகுமா?" என்பதுதான். தாராளமாக வாங்கலாம். ஆனால் எதனால் செய்தது என்று பார்ப்பதற்கு முன்னால் ஷேங்கும் கப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், அந்த இரண்டும் தப்பினால் வெள்ளி முலாம் பூசியதை வாங்கினாலும் காசு வீண்.

முதலில் ஷேங்க், அதாவது வாத்தியத்துக்குள் நுழையும் வால் பகுதி. டியூபாவுக்கு இது ஒரே அளவில் வருவதில்லை. அமெரிக்க அளவு ஒன்று, அதைவிடப் பெரிய ஐரோப்பிய அளவு ஒன்று, பழைய பிரிட்டிஷ் வாத்தியங்களுக்கான சின்ன அளவு ஒன்று. நம் பேண்டு செட்டுகளில் மீரட்டில் செய்ததும் இருக்கும், எங்கிருந்தோ வந்த பழையதும் இருக்கும், அதனால் வாத்தியத்தைக் கையோடு எடுத்துப்போய் அதில் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் நல்லது. உள்ளே வைத்து லேசாகத் திருகி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அந்த ஷேங்க் இதற்கு இல்லை. நுனி மட்டும் நுழைந்து நின்றுவிட்டால் ஷேங்க் பெரிது, சுருதி மொத்தமாக இறங்கும், ஸ்வரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சூசாபோன் என்றால் கழுத்துக்கும் மவுத்பீஸுக்கும் நடுவில் வரும் வளைந்த துண்டுகளையும் இறுக்கிப் பாருங்கள், காற்று அங்கே கசிந்தால் எந்த மவுத்பீஸ் போட்டும் பயனில்லை.

அப்புறம் கப், அதாவது உதட்டை வைத்து ஊதும் கிண்ணப் பகுதி. மவுத்பீஸ் செய்யும் பாக் கம்பெனியின் எண்களில் எண் கூடக் கூட கப் சின்னதாகும்: 18இன் உள்விட்டம் ஏறக்குறைய 32.6 மில்லிமீட்டர், 24ஏடபிள்யூ 31.25. புதிதாக ஊதுகிறவருக்கு 18 பொதுவாக ஒத்துவரும், 24ஏடபிள்யூவில் மேல்ஸ்தாயி கொஞ்சம் சுலபமாக வரும். ஹெல்பெர்க் என்ற வகை மவுத்பீஸில் கப் புனல் மாதிரி ஆழமாக இறங்கும். அடி ஸ்வரம் அதில் இருட்டாக, கனமாக வரும், ஆனால் மூச்சும் உதடும் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். "பெரிய வாத்தியம்தானே, பெரிய கப்பா போடு" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், உதடு சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இப்போது பிளாஸ்டிக், மெட்டல் விஷயத்துக்கு வருவோம். கெல்லி போன்ற கம்பெனிகள் பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்கின்றன, பாக் 18 மாதிரியான வடிவமும் அதில் உண்டு, அதனால் ஒரே வடிவத்தை இரண்டிலும் ஊதி ஒப்பிடலாம். அப்படி ஒப்பிட்டால்தான் நியாயம். ஒரு பிளாஸ்டிக் 18ஐயும் ஒரு மெட்டல் ஹெல்பெர்க்கையும் ஊதிவிட்டு பிளாஸ்டிக்கைக் குறை சொன்னால், நீங்கள் குறை சொல்வது வடிவத்தைத்தான். சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கப்பின் ஆழம், ரிம் (உதடு படும் விளிம்பு), துளை, இவைதான். மெட்டலின் எடையால் ஸ்வரத்தின் தொடக்கம் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்பதாகப் பலர் சொல்வார்கள், எனக்கும் உள்ளரங்கில் அப்படித்தான் தோன்றுகிறது. தெருவில் தவிலும் டிரம்மும் சேர்ந்து முழங்கும்போது அந்த வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது.

தெரு ஊர்வலத்துக்கு, அதுவும் நம் ஊர் கத்திரி வெயிலில், பிளாஸ்டிக்தான் என் தேர்வு. வண்டி மேல் வெயிலில் கிடந்த மெட்டல் ரிம்மை எடுத்து உதட்டில் வைத்தால் சுடும், பிளாஸ்டிக் அந்த அளவு சுடாது. கீழே விழுந்தாலும் நசுங்காது, எடை குறைவு, நல்ல வெள்ளி முலாம் மவுத்பீஸைவிட விலையும் குறைவு. கடலோரக் காற்றிலும் வியர்வையிலும் மெட்டலுக்கு முலாம் தேய்ந்து பித்தளை தெரிய ஆரம்பித்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதை உதட்டில் வைக்கவே கூடாது, மறுபடி முலாம் போடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். முலாம் ஒத்துக்கொள்ளாமல் உதடு அரிக்கிறவர்களுக்கும் பிளாஸ்டிக் நல்ல வழி. சர்ச் பாடகர் குழுவோடு உள்ளே உட்கார்ந்து மெதுவாக வாசிப்பவர் என்றால் மெட்டலுக்கே போங்கள்.

பிளாஸ்டிக்கை வாங்கும்போது ரிம்மை விரலால் முழுச் சுற்றும் தடவுங்கள். அச்சில் வார்த்த விளிம்பு துருத்திக்கொண்டிருந்தாலோ கீறல் இருந்தாலோ வேண்டாம். வியர்த்த உதட்டுக்கு அது வழுக்குகிறதா பிடிக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை ஊதித்தான் பார்க்க வேண்டும்.

ஊதிப் பார்ப்பது என்றால் ஐந்து நிமிடம் போதாது. எந்தப் புது மவுத்பீஸும் முதலில் பிரமாதமாகத்தான் இருக்கும். கீழ் ஸ்வரத்தை மெல்லிய சத்தத்தில் நீளமாகப் பிடியுங்கள், அப்புறம் அதையே நாக்கால் தட்டித் தட்டித் தொடங்குங்கள், பிறகு ஒரு ஸ்தாயி தாவுங்கள். அரை மணி நேரம் கழித்தும் உதடு கேட்கிறபடி வருகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். கூட வாசிக்கும் ஒருவரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து, எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் ஊதிக் காட்டுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும், உள்ளே ஒரு சின்ன பிரஷ். பிளாஸ்டிக்கைக் கொதிநீரில் போடாதீர்கள், தின்னர், அசிட்டோன் எதுவும் படக் கூடாது, விரிசல் விடும். ஷேங்க் நுனி வளைந்த மெட்டலைப் பேண்டு ரிப்பேர்காரர் நிமிர்த்திக் கொடுப்பார், விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மெட்டல் மவுத்பீஸ் வாத்தியத்தில் சிக்கிக்கொண்டால் கொறடு போட்டுத் திருகாதீர்கள், மவுத்பீஸ் நுழையும் லீட் பைப்பே முறுக்கிக்கொண்டு வந்துவிடும். அதை இழுத்தெடுக்கத் தனிக் கருவி உண்டு, அது இருக்கிற ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள்.