நாவலாசிரியரின் கடிதக் கட்டைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஆதாரமான கடிதங்களை ஆவணக் காப்பகத்தில் முதன்முறையாகக் கையிலெடுப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, கிடைத்திருப்பதே முழுமை என்று நம்பிவிடுவதுதான். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் எழுதிய கடிதங்களில் ஏறத்தாழ 160 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பெரும்பகுதியை அவருடைய அக்கா கசாண்ட்ராவே எரித்துவிட்டார். இன்னொரு ஆங்கில நாவலாசிரியரான சார்ல்ஸ் டிக்கன்ஸ் தமக்கு வந்த கடிதங்களை 1860 செப்டம்பரில் வீட்டுக்குப் பின்னால் தீயிலிட்டார். ஆகவே ஓராண்டுக்குரிய கடிதம் ஒன்றுகூட இல்லையென்றால், அந்த ஆண்டில் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அந்த இடைவெளி யார் கையால் உண்டானது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

அச்சில் வந்த கடிதத்தை மூலக் கடிதமாகவே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டியின் வாழ்க்கை வரலாற்றை 1857இல் வெளியிட்ட எலிசபெத் காஸ்கெல், பிரஸ்ஸல்ஸில் சார்லட்டுக்கு ஆசிரியராக இருந்த கான்ஸ்டான்டின் ஹெகருக்குச் சார்லட் எழுதிய கடிதங்களை அறிந்திருந்தும், அவற்றில் வெளிப்பட்ட ஏக்கத்தை மறைத்து, தீங்கற்ற சில பகுதிகளை மட்டுமே நூலில் சேர்த்தார். 1913இல் ஹெகரின் பிள்ளைகள் அந்த நான்கு கடிதங்களையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த பிறகே மீதி வெளியே தெரிந்தது. அவற்றில் மூன்று கிழிக்கப்பட்டுப் பின்னர் ஒன்றுசேர்க்கப்பட்டவை. சில இடங்களில் நூலால் தைத்த தடம் இன்றும் தெரிகிறது. கிழிபடாத கடிதத்தின் ஓரத்தில் ஹெகர் ஒரு செருப்புத் தைப்பவரின் முகவரியைக் குறித்து வைத்திருக்கிறார். ஒருத்தி உயிரைக் கொட்டி எழுதிய தாள், பெற்றவரின் மேசையில் துண்டுச் சீட்டாகக் கிடந்திருக்கிறது. எந்தப் பதிப்பின் அச்சுப் பக்கமும் இதைச் சொல்லாது. எனவே ஓரம், பின்பக்கம், மடிப்பு, உறை, அஞ்சல் முத்திரை ஆகிய அனைத்தையும் பார்க்காமல் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

தேதியிலும் பலர் வழுக்கி விழுகிறார்கள். ரஷ்யாவில் 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டி எனப்படும் பழைய நாட்காட்டியே வழக்கில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது மேற்கு ஐரோப்பாவைவிட 12 நாள் பின்தங்கியிருந்தது. ரஷ்ய எழுத்தாளர் ஒருவர் பாரிஸிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்தில் எந்தக் கணக்கு என்று பார்க்காமல் அடுக்கினால், கேள்விக்கு முன்பே பதில் வந்து நிற்கும். காப்பாளர் பென்சிலில் எழுதிய தேதியும் பெரும்பாலும் ஊகம்தான். அதை எழுதியவரின் தேதியாக மேற்கோளில் சேர்க்கக் கூடாது.

வாழ்க்கை வரலாற்றாசிரியர் விட்டுச் சென்ற ஆய்வுத் தாள்களை இன்னும் கூடுதலான ஐயத்தோடு அணுக வேண்டும் என்பது என் கருத்து. நேர்காணல் குறிப்பு, தட்டச்சு நகல், நினைவிலிருந்து எழுதிய சுருக்கம் எல்லாம் ஒரே கோப்பில் கலந்திருக்கும். நகலில் அவர் விட்டுவிட்ட ஒரு வரி, மூலம் தொலைந்துபோனால் என்றென்றைக்கும் போனதுதான். ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் வரலாறு அவர் மனைவி ஃபுளோரன்ஸின் பெயரில் 1928இலும் 1930இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. அதில் பெரும்பகுதியைத் தம்மைப் படர்க்கையில் வைத்து எழுதியவர் ஹார்டியேதான். பெயர்ப்பக்கத்தை நம்பியவர்கள் தன்வரலாற்றையே வேறொருவரின் சாட்சியாகக் கொண்டார்கள்.

கடிதத்தைப் படிக்க அனுமதி கிடைத்தால் அச்சிடவும் உரிமை வந்துவிட்டதாக எண்ணுவதும் ஆபத்து. தாள் பெற்றவருக்கோ காப்பகத்துக்கோ சொந்தம். சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த தம் கடிதங்களை, தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய இயன் ஹாமில்டன் அந்த நூலில் பயன்படுத்தியதை எதிர்த்து அமெரிக்க நாவலாசிரியர் ஜே. டி. சாலிஞ்சர் வழக்குத் தொடர்ந்தார். 1987இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நூலைத் தடுத்தது. சொற்களை மாற்றிச் சொன்ன இடங்கள்கூட அந்த வழக்கில் தப்பவில்லை. ஹாமில்டன் முழுவதையும் திருத்தி எழுதி 1988இல்தான் வெளியிட முடிந்தது. ஆகவே உரிமைதாரருக்கான விண்ணப்பத்தை, உங்கள் நூலின் கையெழுத்துப் படி முடிந்த பிறகு அல்ல, முதல் குறிப்பை எடுக்கும் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.