கடைசிப் பெயர் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாகப் பெயர்களை வரிசைப்படுத்துவதுதான் பிழைப்பு. தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். ஐந்நூறு அழைப்பிதழைத் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் கைக்காசில்.

மாதம் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி ஜப்பானிய அடிதடிப் படம் பார்ப்போம். படம் முடிந்ததும் எல்லாரும் மாமாக் கடைக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். நான் மட்டும் பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை அசையமாட்டேன். "புரியாத எழுத்தை என்னய்யா அப்படி முறைச்சுப் பார்க்கிறே?" என்று கேலி செய்வார்கள். ஜப்பானிய மொழி எனக்கும் தெரியாதுதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டால், ஒரு படத்தை யார் யார் செய்தார்கள் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதை எப்படிச் செய்வது என்று எழுதச் சொன்னவன் என் அக்கா மகன். மலேசிய அரசின் கிழக்கு நோக்கும் கொள்கையில் ஜப்பானுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவன். இந்தச் சொற்களை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

பழகுவதற்கு ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். 2013-இல் வந்த 'வாரா நொ தாத்தே'. வைக்கோல் கேடயம் என்று அர்த்தம். பேத்தியைக் கொன்றவன் தலைக்கு ஒரு கோடீஸ்வரத் தாத்தா நூறு கோடி யென் விலை வைக்கிறார். கொலைகாரன் ஃபுகுவோக்காவில் சரணடைகிறான். அவனை உயிரோடு தோக்கியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். நாடே அவனைக் கொல்லத் துடிக்கிறது, காவல் துறைக்கு உள்ளேயும்தான். அந்த வருஷம் கான் திரைப்பட விழாவில் போட்டிக்குப் போன படம்.

முதலில் வீட்டில் பாருங்கள், பட்டியல் வரும்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். திரையரங்கில் கைப்பேசியைத் தூக்கித் திரையைப் படம் பிடிக்கும் வேலை வேண்டாம், நம் நாட்டுச் சட்டப்படி அது குற்றம்.

அப்புறம் பட்டியலின் அடிக்குப் போங்கள். நம் படங்களில் தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் 'இயக்கம்' கடைசியாக வரும் இல்லையா? ஜப்பானியப் படங்களில் பெரும்பாலும் முடிவுப் பட்டியலின் கடைசிப் பெயர் இயக்குநருடையது. அதற்கு மேலே இரண்டு எழுத்தில் ஒரு சொல் இருக்கும்: கன்தொக்கு. இயக்குநர் என்று பொருள். அந்த இரண்டு எழுத்தையும் ஒரு தாளில் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, கையால் வரைந்தது மறக்காது. நம்முடைய படத்தில் அங்கே நிற்கிறவர் மீக்கே தகாஷி.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கன்தொக்கு என்ற சொல் பட்டியலில் பல இடத்தில் தலைகாட்டும். அதற்கு முன்னால் 'ஜொ' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அவர் உதவி இயக்குநர். முன்னால் நேர்க்கோடும் சாய்கோடுமாக எளிய எழுத்துகள் நாலைந்து வந்தால் 'ஆக்‌ஷன் கன்தொக்கு', நம் ஊரில் 'சண்டைப் பயிற்சி' என்று போடுவோமே, அவர். முன்னொட்டு எதுவும் இல்லாமல் கடைசியில் தனியாக நிற்கும் கன்தொக்குதான் இயக்குநர்.

பெரும்பாலான வேலைப் பெயர்களுக்கு இரண்டே எழுத்துதான். கியாக்குஹொன் என்றால் திரைக்கதை, சாட்சுயே ஒளிப்பதிவு, ஹென்ஷூ படத்தொகுப்பு, ஓங்காக்கு இசை, கென்சாக்கு மூலக்கதை. வைக்கோல் கேடயத்தின் மூலக்கதை கிஉச்சி கசுஹிரோவின் நாவல். அவர் முதலில் சித்திரக்கதை வரைந்து பேர் வாங்கியவர், பிறகு நாவலுக்கு வந்தார். திரைக்கதை ஹயாஷி தமியோ, ஒளிப்பதிவு கிதா நொபுயாசு, இசை எண்டோ கோஜி. கடைசி இரண்டு பேரும் 2010-இல் மீக்கே எடுத்த சாமுராய் படமான '13 கொலையாளிகள்' பட்டியலிலும் இருக்கிறார்கள். இயக்குநருக்குப் பழகிய கைகள் யார் என்று இப்படித்தான் தெரியவரும்.

எனக்குப் பிடித்த சொல் சேசாக்கு. தயாரிப்பு என்று பொருள். ஒரே உச்சரிப்பில் இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டிலும் பின்னெழுத்து ஒன்றே, முன்னெழுத்து மட்டும் சற்று மாறும். ஒன்றில் அந்த எழுத்தின் அடியில், துணி என்று பொருள்படும் இன்னோர் உருவம் தொங்கும். அப்படி இருந்தால் பணம் போட்டவர், பொறுப்பேற்றவர். இல்லாவிட்டால் களத்தில் இறங்கிப் படத்தை உருவாக்கிக் கொடுத்த நிறுவனம். அடியில் வேட்டி கட்டியிருந்தால் முதலாளி, கட்டாவிட்டால் வேலைக்காரன் என்று நான் மனத்தில் வைத்திருக்கிறேன். அக்கா மகன் தலையில் அடித்துக்கொண்டான், இருந்தாலும் எனக்கு இது தப்பியதே இல்லை. முதலாளி அங்கே பெரும்பாலும் ஓர் ஆள் இல்லை. தொலைக்காட்சி நிலையம், பதிப்பகம், விளம்பர நிறுவனம், விநியோக நிறுவனம் எல்லாம் சேர்ந்து ஒரு படத்துக்கென்று 'தயாரிப்புக் குழு' அமைத்துக் காசைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். படம் ஊற்றிக்கொண்டால் நட்டமும் பங்குதான்.

நடிகர்கள் பக்கம் வாருங்கள். என் தொழில் இங்கேதான் உதவியது. ஷுட்சுயென் என்றால் நடிப்பு. முதல் பெயர் கதாநாயகன், அதில் சிக்கல் இல்லை. இந்தப் படத்தில் ஓசாவா தக்காவோ. கூடவே பெண் காவலராக மட்சுஷிமா நனாகோ, கொலைகாரனாக ஃபுஜிவாரா தட்சுயா. ஆனால் நடிகர் பட்டியலின் கடைசி இடமும் மரியாதையான இடம். அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: தொமெ. முடித்து வைக்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். மூத்தவர், கனமானவர் அங்கே வருவார். நம் படங்களில் 'மற்றும்' என்று போட்டுக் கடைசியில் ஒரு பெரிய பெயர் வருமே, அதே கணக்கு. பத்திரிகையில் தாத்தா பெயரை எங்கே போடுவது என்று மூன்று மணி நேரம் என் மேசையில் சண்டை போட்ட ஒரு செந்தூல் குடும்பத்துக்கு இதைச் சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

'யூஜோ ஷுட்சுயென்' என்று வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். யூஜோ என்றால் நட்பு. 'நட்புக்காக' என்று நம் படங்களில் போடுவார்கள் அல்லவா, அச்சு அசல் அதேதான்.

இனி பெயரைப் படிப்பது. இதில்தான் நான் பலமுறை விழுந்திருக்கிறேன். ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும். நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யை யாரும் 'மிஸ்டர் வெய்' என்று கூப்பிடுவதில்லையே, அப்படித்தான். மேல்நாட்டுச் சுவரொட்டியில் திருப்பிப் போட்டுவிடுவார்கள், தகாஷி மீக்கே என்று. இரண்டு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். (அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி விமான நிலையத்தில் விழித்த நமக்கு இந்தக் குழப்பம் புதிதா என்ன?)

கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டினால் வேலைப் பெயரைச் சரியாகச் சொல்லும், ஆள் பெயரில் உளறும். ஒரே எழுத்துக்குப் பல வாசிப்பு இருப்பதுதான் காரணம். யமஜாக்கி, யமசாக்கி இரண்டையும் ஒரே இரண்டு எழுத்தில் எழுதலாம். அந்த ஆள் எப்படி அழைக்கப்படுகிறார் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் கேமரா சொன்னதை அப்படியே நம்பாமல், அந்த எழுத்துகளை நகலெடுத்துத் தேடி, படத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் என்ன வாசிப்பு என்று பார்த்துவிடுங்கள்.

எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒன்று இல்லை. எங்கள் குழுவுக்கு மாதாமாதம் ஒரு பக்கக் குறிப்பு அடித்துக் கொடுப்பேன். ஒரு மாதம் மீக்கேயின் பழைய படங்களைப் பற்றி எழுதும்போது 2001-இல் வந்த 'இச்சி' படத்தைச் சேர்த்தேன். இரத்தக் களரி, வீட்டில் போடுகிற படமே இல்லை. மூலச் சித்திரக்கதை யமமோட்டோ ஹிதேவோ, ஒளிப்பதிவும் யமமோட்டோ ஹிதேவோ. எழுத்துகூட ஒன்றே. 'கதையை வரைந்தவரே கேமராவையும் பிடித்த அதிசயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது அக்கா மகனின் தகவல் வந்தது: "மாமா, அது ரெண்டு பேர்." இரண்டு பேர்தான். ஒரே பெயர், வேறு வேறு மனிதர்கள். முப்பது தாளையும் கையாலேயே திருத்தினேன்.

தலைகீழும் உண்டு. கிதானோ தகேஷி நடிக்கும்போது பீட் தகேஷி, இயக்கும்போது கிதானோ தகேஷி. பட்டியலில் இரண்டு இடத்தில் இரண்டு பெயர், ஆள் ஒருவரே. 1989-இல் அவர் முதன்முதலில் இயக்கிய போலீஸ் படத்தை ஃபுகாசாக்கு கின்ஜி இயக்குவதாக இருந்தது. அவர் விலகியதால் நடிக்க வந்தவர் இயக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடிதடிக்காரர்களைக் கொஞ்சம் தனியாகக் கவனியுங்கள். வாள் சண்டை அமைப்புக்கு ஜப்பானில் 'தாத்தே' என்று பெயர். கேடயத்துக்கும் அதே உச்சரிப்புதான், எழுத்து வேறு. வைக்கோல் கேடயத்தில் வாள் சண்டை எங்கே என்று நானே ஒருமுறை தேடியிருக்கிறேன். அடிதடி நடிகர் சிபா ஷினிச்சி 1970-இல் ஆரம்பித்த ஜப்பான் ஆக்‌ஷன் கிளப்பில் பழகி வந்தவர்தான் நடிகர் சனாதா ஹிரோயுகி. இன்னொரு பெயர் தனிகாக்கி கென்ஜி. ஹாங்காங்கில் அடிதடி நடிகர் டோனி யென் குழுவில் வேலை பார்த்தவர். 2012-இல் வந்த கென்ஷின் படத்துக்குச் சண்டை அமைத்தார். வாள் படம்தான், ஆனால் கால் நிலத்தில் நிற்காது. நம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அடுக்கி விற்ற ஹாங்காங் வி.சி.டி.க்களில் பார்த்த அதே வேகம்.

இவ்வளவும் செய்தாலும் எல்லாப் பெயரையும் சேகரிக்க முயலாதீர்கள், மண்டை காய்ந்துவிடும். ஒரே ஒரு பெயரைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நான் வைக்கோல் கேடயத்தின் கோடீஸ்வரத் தாத்தாவைப் பிடித்தேன். யமஜாக்கி ட்சுதொமு. இழுக்க இழுக்கச் சரியாக ஐம்பது வருஷம் பின்னால் போய் 1963-இல் நின்றது: குரோசாவா அகிராவின் 'சொர்க்கமும் நரகமும்'. மிஃபூனே தொஷிரோ குன்றின் மேல் பெரிய வீட்டில் வாழும் காலணி நிறுவன அதிகாரி. கீழே வெக்கையில் ஓர் அறையில் கிடந்து அந்த வீட்டையே பார்த்துப் பார்த்து வெந்து, பிள்ளையைக் கடத்தத் துணியும் இளைஞன் யமஜாக்கி. கடத்தியதோ ஓட்டுநர் மகனை! மூன்று கோடி யென் கேட்கிறான். ஓடும் கொதாமா ரயிலில், ஏழு சென்டிமீட்டர் மட்டுமே திறக்கும் கைகழுவும் அறை ஜன்னல் வழியாகப் பணப்பையை வீசச் சொல்கிறான்.

அங்கேயும் ரயில், இங்கேயும் ரயில். 2013 படத்தில் கைதியைப் புல்லட் ரயிலில் ஏற்றுவார்கள், அந்தக் காட்சிகளைத் தைவானின் அதிவேக ரயிலில் எடுத்தார்கள். அன்று கீழே இருந்து மேலே பார்த்தவர் இன்று மேலே உட்கார்ந்து தலைக்கு விலை வைக்கிறார். மீக்கே இதை நினைத்துத்தான் அவரைப் போட்டாரா என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கூடத்து ஜன்னலைத் திறந்தால் பங்சார் மேட்டுப் பணக்கார வீடுகளின் விளக்கு தெரியும். அன்று ராத்திரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய திரையில் பழக ஆசையிருந்தால் கே.எல். சென்ட்ரலில் இருந்து கொமுட்டர் ரயிலில் ஒரு நிறுத்தம், மிட்வேலி. ஜப்பானியக் கலாசார அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷனின் அலுவலகம் அங்கேதான், ஆண்டுதோறும் ஜப்பானியத் திரைப்பட விழா நடத்துகிறார்கள். எங்கள் கூடத்தில் அடுத்த சனிக்கிழமை 'சொர்க்கமும் நரகமும்', இரவு எட்டு மணிக்கு. குறிப்புத் தாளை அடித்துவிட்டேன். இந்த முறை அக்கா மகனிடம் காட்டிவிட்டுத்தான் மை ஏற்றினேன்.