இன்கா கோட்டையும் வானவில் மலையும் ஒரே பயணத்தில்: உயரம் பார்த்துத் திட்டம் போடுங்கள்

பெருவுக்கு முதல்முறை போகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பை நானும் செய்தேன். லிமாவில் இறங்கி, மறுநாள் காலை குஸ்கோவுக்கு விமானம், மதியமே ஊர் சுற்றக் கிளம்பியாயிற்று. லிமா கடலோர ஊர், குஸ்கோ இருப்பது 3,400 மீட்டரில். சாயங்காலம் ஓட்டல் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது, ராத்திரி முழுக்கத் தலை விண்விண்ணென்று தெறித்தது. அதனால் கீழே உள்ள வரிசை எந்த இடம் பிரபலம் என்று பார்த்துப் போட்டதில்லை, எது எவ்வளவு உயரம் என்று பார்த்துப் போட்டது. குஸ்கோ பக்கம் ஏழெட்டு நாள் இருந்தால் போதும்.

முதல் வேலை, மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்கு டிக்கெட். விமானத்துக்கும் முன்னால் இதைப் பாருங்கள், ஏனென்றால் நாளும் நேரமும் குறித்துத்தான் தருகிறார்கள், எந்தப் பாதையில் நடக்கப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். படங்களில் பார்க்கிற அந்தக் காட்சியும் வேண்டும், ஊருக்குள்ளும் நடக்க வேண்டும் என்றால் இரண்டாம் எண் பாதையை எடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும், வாசலில் அசலைக் கேட்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜூன் 24 இன்டி ராய்மி, சூரியத் திருவிழா. அந்த வாரம் குஸ்கோவில் அறை கிடைப்பதே கஷ்டம். பிப்ரவரி வேண்டவே வேண்டாம், நல்ல மழை, மாச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா பாதையையும் மூடிவிடுவார்கள்.

அடுத்து, குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காதீர்கள். வண்டி பிடித்து நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒயாந்தைதாம்போ என்கிற ஊர் ஏறத்தாழ 2,800 மீட்டர்தான், உடம்பு பழக அது போதும். இரண்டு ராத்திரி அங்கே. முதல் நாள் எதுவும் செய்ய வேண்டாம், கோகா இலைத் தேநீர் குடித்துக்கொண்டு தெருவில் நடந்தாலே போதும். இன்கா காலத்துத் தெருக்கள், ஓரமாகக் கல் வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது, மக்கள் அதே கல் சுவர்களுக்கு மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். உயரத்துக்கான மாத்திரை பற்றி ஊரில் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை அங்குள்ள கோட்டை. படியேறி உச்சிக்குப் போனால் இளஞ்சிவப்பில் ஆறு பெரிய கற்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம். இவற்றை வெட்டிய இடம் ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலையில். அங்கிருந்து இழுத்து வரும்போது பாதி வழியில் விட்டுப்போன கற்கள் இன்னும் கிடக்கின்றன, அவற்றுக்கு உள்ளூரில் ‘களைத்துப்போன கற்கள்’ என்று பெயர். எனக்கு மாச்சு பிச்சுவைவிட இந்த இடம்தான் பிடித்தது, சண்டைக்கு வராதீர்கள்.

மதியம் ஒரு டாக்சி பேசி மராஸும் மொராயும். மராஸில் ஓர் உப்பு ஊற்று, அதைச் சின்ன வாய்க்கால்களில் திருப்பி மலைச்சரிவில் 3,000க்கு மேற்பட்ட பாத்திகளில் காயவிடுகிறார்கள், இன்காக்களுக்கு முன்பிருந்தே நடக்கிற தொழில். மொராயில் வட்ட வட்டமாக இறங்கும் பயிர்ப் படிக்கட்டுகள். கோட்டைக்கும் மொராய்க்கும் சேர்த்து ஒரே சுற்றுலாச் சீட்டு வாங்கலாம், பத்து நாள் செல்லும். அதில் மராஸ் வராது, மாச்சு பிச்சுவும் வராது.

மூன்றாம் நாள் ரயில். ஒயாந்தைதாம்போவிலிருந்து மாச்சு பிச்சு அடிவாரத்து ஊரான அகுவாஸ் கலியெந்தெஸ் ஒன்றரை, இரண்டு மணி நேரம். சின்னப் பை மட்டும் எடுத்துப் போங்கள், பெரிய பெட்டியை ஓட்டலில் விட்டுவிடலாம். ராத்திரி அங்கே தங்கி, காலை பஸ்ஸில் மேலே. மாச்சு பிச்சு வெறும் 2,430 மீட்டர், குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கீழே, நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. உள்ளே பாதை ஒருவழிதான், தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான், சில்லறை சோல் காசு கையில் இருக்கட்டும்.

அப்புறம்தான் குஸ்கோ, இரண்டு நாள். இப்போது மூச்சு வாங்காது. ஹாதுன் ருமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல்லைப் பாருங்கள், சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் அக்கம்பக்கத்துக் கற்களோடு அப்படிப் பொருந்தியிருக்கிறது. தொடக்கூடாது. ஊருக்கு மேலே சக்சய்வமான் என்கிற இன்கா கோட்டையில் நூறு டன்னுக்கு மேற்பட்ட கற்களே இருக்கின்றன.

வானவில் மலையான வினிகுங்காவைக் கடைசிக்கு வையுங்கள், 5,000 மீட்டருக்கு மேல். விடிவதற்கு முன்னால் குஸ்கோவிலிருந்து வண்டி கிளம்பும். இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர ஏற்றம், குளிர் எலும்புக்குள் போகும், வெயில் தோலை உரிக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. சிவப்பு இரும்புச்சத்தால் வருவது, மற்ற பட்டைகளும் வெவ்வேறு கனிமங்கள்தான். படத்தில் இருப்பதைவிட நிறம் மங்கல், மேகம் இருந்தால் இன்னும் மங்கல். தலை சுற்றினால் இறங்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். கோகா இலை பெருவில் சட்டப்படி சரி, பல நாடுகளில் சரியில்லை, தேநீர்ப் பொட்டலமும் அதே கணக்குதான்.